கேக் வெட்ட ஒரு வாள்

வாஷிங்டன்,
ஜூலை, ஞாயிறு மதியம்

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக இருக்கிறது. நீ அங்கே பூமியின் தென்கோடி வெலிங்டனில் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பாய், இங்கே ரோட்டில் கால் வைத்தால் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. இதைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பக்கத்தில் உன் வருங்கால மாப்பிள்ளை வேட் இருப்பான், அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் வருங்கால மாமனார் ஹோலிஸ் அலபாமாவிலிருந்து தானே வண்டி ஓட்டிக்கொண்டு சம்பந்தி வீடு பார்க்க வந்தார். வந்தவர் வீட்டை எங்கே பார்த்தார், உள்நாட்டுப் போர்ச் சின்னம் ஒன்று விடாமல் காட்டச் சொன்னார். நான் பிறந்து வளர்ந்த ஊர், ஆனால் ரவுண்டானாவில் நிற்கும் அந்தச் சிலைத் தளபதிகளைச் சுற்றி வண்டி ஓட்டியிருக்கிறேனே தவிர ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை. ரவுண்டானாவை எத்தனை முறை சுற்றினாலும் எங்களுக்குக் கிடைத்தது குதிரையின் பின்பக்கம்தான், தளபதி தலையில் ஒரு புறா நிம்மதியாகத் தன் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தது. அடுத்து லிங்கன் பூங்கா. அங்கே சிலையில் லிங்கன் நிற்க, அவர் காலடியில் விலங்கறுந்த நம் கறுப்பு ஆள் மண்டியிட்டிருப்பானே, அவனைக் காட்டி, எழுந்திருக்கிறான் பாருங்கள் என்றார் ஹோலிஸ். "நூத்தைம்பது வருஷமா எழுந்துக்கிட்டேதான் இருக்கான், அதுக்கு எங்க வீட்டுக்காரர் முழங்காலே தேவலாம்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார், எனக்கே ஆச்சரியம். யூ தெருவில் கறுப்புச் சிப்பாய்களின் பெயர்ச் சுவரில் உங்கள் ஆள் யார் என்று கேட்டார். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் ராணுவத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டினவர், அவர் பெயர் இதில் கிடையாது, கழுதை பெயரும் கிடையாது என்றேன்.

கடைசியாக நம் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டீவன்ஸ் கோட்டை, நீ சின்னதில் புல்மேட்டில் உருண்டு விளையாடிய இடம். அங்கே வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. அவருடைய முன்னோர் ஒரு கேப்டன், தெற்குப் படையோடு இந்த ஊரைப் பிடிக்க வந்து இதே மேட்டுக்கு எதிரே நின்றாராம், வெயிலில் பாதிப் படை சுருண்டு விழுந்து, வந்த வழியே திரும்பியதாம். அந்த கேப்டனின் வாள் இன்னும் வீட்டில் இருக்கிறதாம். அவர்கள் குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்திலும் கேக் வெட்டுவது அந்த வாளால்தானாம். வண்டியிலேயே கொண்டுவந்திருக்கிறேன், பார்க்கிறீர்களா என்றார்.

கொரின், உன் அப்பா சட்டென்று பீரங்கியைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும். நான் சொன்னேன், "நாங்க அடிமையாவே இருக்கணும்னு தூக்கிட்டு வந்த வாள் அது. என் பொண்ணு கையில அதைக் குடுக்க விடமாட்டேன்." அவர் முகம் சிவந்தது. இப்போது அது கேக் தவிர எதையும் வெட்டுவதில்லை என்று சமாதானம் சொன்னார், கேக் வெட்ட எங்கள் வீட்டிலேயே கத்தி இருக்கிறது என்றேன். அதற்கு அவர், "கொரின் சரின்னுட்டாளே அம்மா. வேட் அப்படித்தானே சொன்னான்" என்றார்.

என் மகளை எனக்குத் தெரியும், அவள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள் என்றேன். அவர் வாதாடவில்லை. அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார், உங்களுக்கு அப்போது விடிந்துகூட இருக்காது. எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுகிட்ட வாளைப் பத்திக் கேட்டியா, இல்லையா?" என்றார்.  அந்தப் பக்கம் வேட், இன்னும் கேட்கலை அப்பா, நீங்க வருத்தப்படுவீங்கன்னு, என்று இழுத்தான். "இப்ப வருத்தப்படாம சிரிச்சுக்கிட்டா நிக்கறேன்? இவங்க முன்னாடி என்னை இப்படி நிக்க வச்சுட்டியே" என்று சொல்லி வைத்துவிட்டார். வாளை ஊருக்கே திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, முன்னோரை விட்டுக்கொடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து நண்டுக் கட்லெட்டை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் குறட்டை விட்டார், கேப்டன் படை அந்தச் சத்தம் போட்டிருந்தால் ஊர் அன்றைக்கே விழுந்திருக்கும்.

வேட் கெட்ட பையன் இல்லை. ஆனால் அப்பாவிடம் ஒன்று, உன்னிடம் ஒன்றுமில்லை என்று இருக்கிறவன் நாளைக்கு என்ன செய்வான்? அந்த விடியற்காலைப் போனுக்கு உன்னிடம் என்ன காரணம் சொன்னான் என்று யோசித்துப் பார். இன்னும் அவனாகச் சொல்லவில்லை என்றால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதே. முடிவு உன்னுடையது, நான் குறுக்கே வரமாட்டேன்.

ஹோலிஸை மட்டும் நவம்பர் நன்றித் திருநாள் விருந்துக்கு வரச் சொல்லிவிட்டேன். நீ அவர் மகனைக் கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி.

கர்த்தர் உன்னைக் கண்போல் காக்கட்டும். கழுத்தில் துணி சுற்றாமல் காற்றில் போகாதே.

இப்படிக்கு,
உன்மேல் உயிராய் இருக்கும் அம்மா,
ஒடெஸ்ஸா