மெல்லமாய் ஒரு கெட்டிமேளம்

அன்புள்ள ஷாமளாவுக்கு,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் எப்படி?

நேற்று இந்த வெள்ளைக்கார நாட்டில், கிங்ஸ்பரி என்ற இடத்தில் ஒரு கல்யாணம். ஐயர் விரலை ஆட்டினார். ஏழு வயதிலிருந்து என் கழுத்தை விடாத தவிலில் கெட்டிமேளம் கொட்டினேன். சத்தம் கூடினால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி மண்டபத்தில் இருந்ததாம். ஒரே இருட்டு! மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற மச்சாளின் கழுத்தில் தாலி கட்டப் பார்த்ததாகக் கேள்வி.

பெண்ணின் தகப்பன் ஓடிவந்தார். "அண்ணை, கெட்டிமேளத்தைக் கொஞ்சம் மெல்லமா அடிக்க ஏலாதோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? இங்கே வாசிக்க வந்த ஒப்பந்தம் முடியும்வரை ஊருக்கும் வர முடியாது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று அறையில் தலையணையில்தான் சாதகம்.

தவிலடிக்க விரலில் மாட்டும் கூடு அனுப்ப வேண்டாம், பழையதே தேயவில்லை. ஊர்க் கோயிலில் கொடியேறும்போது போனை மேளத்துக்குக் கிட்டப் பிடியும். எனக்குக் காது நோக வேண்டும்.

அடுத்த கல்யாணத்துக்கு ஏற்றிப்போக வந்த வான்காரன் வாசலில் ஹோர்ன் அடிக்கிறான். அவனுக்கு மட்டும் அனுமதி.

உமது,
குகதாசன்