டிரான்ஸ்பார்மர் சுருதி

பிப்ரவரி 9, ஞாயிறு

ரெண்டாவது ஆல்பம் உண்டு! உண்டு, உண்டு, உண்டு!

சர்ச் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ராபின் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தான். சென்னையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெயராஜ் சார் எங்கள் முதல் ஆல்பத்தைக் கேட்டாராம். எட்டுப் பாட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் கடைசி வரை ஸ்டூடியோ எங்களுக்கு, ரிலீசும் அவரே பார்த்துக்கொள்வார். "கனவு இல்லியே?" என்றேன். நறுக்கென்று கிள்ளினான், பொறுக்கி. இன்னும் சிவந்திருக்கிறது.

முதல் ஆல்பம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து எடுத்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் சொந்தக்காரர்கள் மிரட்டிக் கேட்க வைத்தவர்கள். இந்தத் தடவை அப்படி இல்லை.

பேரன் பேத்தி படித்தால் குழம்பக் கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்: பேண்ட் பெயர் "அபாயம்". எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஸ்டீல் மில்லின் பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, அதன் வேலியில் மண்டை ஓடு போட்டுத் தொங்கும் போர்டிலிருந்து சுட்டது. கிட்டார் ராபின், பேஸ் ஏஞ்சல், டிரம்ஸ் வசந்தகுமார். பாட்டு நான், சுகிர்தா.

பிப்ரவரி 12, புதன்

கம்பெனியில் வாஷர் செக் பண்ணிக்கொண்டே பாடினேன். சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

திருவள்ளூர் பக்கம் வசந்த் வீட்டு நெல் குடோனில் பிராக்டிஸ். அவன் டிரம்ஸை அடித்த அடியில் கூரையிலிருந்து உமி கொட்டியது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. வசந்த் அப்பா வந்து எட்டிப் பார்த்து, "நெல்லு தானா குத்திக்கினு அரிசியா வந்துடும் போல கீதே" என்றார். ஏஞ்சல் சிரித்துச் சிரித்து பேஸைக் கீழே வைத்துவிட்டாள்.

ராபின் புதுசாக டியூனர் வாங்கியிருக்கிறான். கிட்டார் தலையில் கிளிப் மாதிரி மாட்டுகிறான், பச்சை எரிந்தால் சுருதி சரி. "இனிமே காதை நம்பிக்கினு இருக்க வேணாம். இப்போ நாம புரொபஷனல்" என்று ஒரே பந்தா. முதல் ஆல்பத்துக்கு என் குரலைக் கேட்டுத்தான் டியூன் பண்ணினான். மறந்துவிட்டது போல.

மார்ச் 16, ஞாயிறு

டிரம்ஸ், பேஸ், கிட்டார் எட்டுப் பாட்டுக்கும் எடுத்தாகிவிட்டது! மூணு பேரும் லீவு நாளெல்லாம் ஸ்டூடியோவே கதி என்று கிடந்தார்கள். ராபின் போனில் அனுப்பினான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன், ஒரு ரயிலை விட்டேன். ஐயோ, இது நாங்களா! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் ஒரு காதில் மாட்டிவிட்டேன். "சத்தமா கீதும்மா, ஆனா நல்லா கீது" என்றார்.

இனி என் குரல்தான் பாக்கி.

மார்ச் 30, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஸ்டூடியோவில் ஒரு சின்ன ரூம். சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் ஒன்றுமே கேட்கவில்லை, நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது. ஹெட்போனில் பாட்டு ஓடியது. பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயராஜ் சார் கையைத் தூக்கினார். "நல்ல குரல்மா. ஆனா சுருதிக்கு ஒரு நூல் மேலயே நிக்குது. இன்னொரு தடவை போலாம்."

இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பாட்டு ஒரு பக்கம் இழுக்குது, தொண்டை ஒரு பக்கம் இழுக்குது. கீழே இறங்கினால் இன்னும் கோணல். சாயங்காலம் வரைக்கும் ஒரு பாட்டு கூட முடியவில்லை.

எனக்கு இன்னாதான் ஆச்சு? சின்ன வயசிலேருந்து பாடறேன். இன்னா ஆச்சு?

ஏப்ரல் 2, புதன்

பைபாஸ் டீக்கடைக்கு வரச் சொன்னான் ராபின். ஏஞ்சலும் வசந்தும் முன்னாலேயே வந்திருந்தார்கள். அப்போதே புரிந்தது.

"காயத்ரின்னு ஒரு பொண்ணு கீது, நல்லா பாடுமாம். பாட்டெல்லாம் உன்னுதுதான், பேரும் போடுவோம். குரல் மட்டும்..." என்றான் ராபின்.

குரல் மட்டுமாம்! நான் என்ன, பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து கைதட்டவா? டீ கிளாசை டேபிளில் ஓங்கி வைத்தேன், பாதி அவன் சட்டையில். "அதுல ஒவ்வொரு வரியும் என் தொண்டைக்குன்னு எழுதினது, தெரியுமாடா உனக்கு?" என்று கத்தினேன். வசந்த் டீயையே ஆற்றிக்கொண்டிருந்தான். ஏஞ்சல் மட்டும், "இருபத்தேழாந்தேதி வரைக்கும் பாக்கலாம் ராபின். அதான் ஸ்டூடியோல கடைசி ஞாயிறு" என்றாள். அவன் தலையாட்டினான். நம்பிக்கையோடு ஆட்டவில்லை.

ஏப்ரல் 5, சனி

எழுத்து கோணினால் கோணட்டும், இதை இப்போதே எழுதியாக வேண்டும்!

இன்று எங்கள் ஏரியாவுக்கு மாதாந்திர மின்தடை. மில்லும் நின்றது. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டே பாடிப் பார்த்தேன். மதில் மேல் பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா தலை தெரிந்தது. கரண்டு வந்தால் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், அதற்காகக் காலையிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி சுகிர்தா, கோணலா பாடிக்கினு கீற? கரண்டு இல்லாத அன்னிக்கெல்லாம் உனக்கு இதே பேஜாரு."

எரிந்து விழுந்தேன். "எனக்கும் கரண்டுக்கும் இன்னாக்கா சம்பந்தம்? நான் இன்னா மிக்ஸியா?"

சொல்லிவிட்டேன். பிறகு பக்கெட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். கரண்டு இல்லாத அன்றைக்கெல்லாமா?

சாயங்காலம் வரை காத்திருந்தேன். போனில் டியூனர் ஆப் இறக்கினேன். பாடினால் முள் அங்கும் இங்கும் ஆடியது. கரண்டு வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் "ம்ம்ம்ம்" என்று ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அதனாலேயே காதில் விழாத சத்தம். போனை மதில் மேல் வைத்தேன். முள் "ஜி"க்கு ஒரு நூல் மேலே போய் நின்றது. பாடினேன். என் முள்ளும் அதே இடத்தில்! ஆடவே இல்லை!

நான் கோணல் இல்லை. எனக்குச் சுருதிப் பெட்டி டிரான்ஸ்பார்மர்!

அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். அப்பா தாவீது அதே மில்லில் இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ரோலிங்கில் இருந்தவர், காது பாதி போய்விட்டது. "அந்தச் சத்தம் இன்னும் வருதா?" என்று கேட்டார். மதில் பக்கம் கையைக் காட்டித் தலையாட்டினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ராபினை மதிலுக்கே இழுத்து வந்து காட்டினேன். முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப முள்ளைப் பார்த்தான்.

"சரி, அதுக்கு இன்னா பண்றது?"

"கிட்டாரையும் பேஸையும் ஒரு நூல் மேல ஏத்தி திரும்ப எடுக்கணும்."

"எட்டுப் பாட்டுமா? டிரான்ஸ்பார்மருக்காகவா? உனக்குப் பைத்தியமா?" பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்

போனும் இல்லை, மெசேஜும் இல்லை. நானும் பண்ண மாட்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்கட்டில் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு ராபின் உட்கார்ந்திருக்கிறான்! மடியில் கிட்டார், சட்டைப் பையில் குருத்தோலை. டியூனரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தான். காதை மதில் பக்கம் சாய்த்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கினான்.

"பாடு" என்றான்.

பாடினேன். ஓ, எப்படிச் சொல்வேன்! கிட்டாரும் நானும் அப்படியே ஒட்டிக்கொண்டோம். முடித்ததும் அவன் கீழே கிடந்த டியூனரைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"நீ கோணல் இல்ல சுகி. டியூனரை வாங்கிக்கினு நாங்கதான் ஊரை விட்டுட்டுப் போயிட்டோம்."

சண்டை போடுவதற்காக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது. அழுதேன். அவனுக்கும் கண் கலங்கியது, வெயில் என்றான். ஏஞ்சலுக்குப் போன் போட்டோம், "நான் அப்பவே ரெடி" என்றாள். வசந்த், "டிரம்ஸுக்கு ஏது சுருதி, நான் தப்பிச்சேன்" என்று அங்கே ஆடியது போனிலேயே கேட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

முடிந்தது! எட்டும்!

புனித வெள்ளி லீவு, ஈஸ்டர் லீவு எல்லாம் போட்டு ராபினும் ஏஞ்சலும் திரும்ப வாசித்து முடித்திருந்தார்கள். இன்று என் ஹெட்போனில் பாட்டோடு டிரான்ஸ்பார்மர் சத்தத்தையும் ஓடவிட்டார்கள், ராபின் போனில் பதிவு செய்தது. பஞ்சு ரூமில் கண்ணை மூடினால் எங்கள் பின்கட்டு, பக்கெட்டு, துணி. முதல் பாட்டு ஒரே டேக்! ஜெயராஜ் சார் கையைத் தூக்கவே இல்லை.

"அது என்னம்மா சத்தம்?" என்று கேட்டார்.

"எங்க ஊரு சார்."

திரும்பப் போட்டுக் கேட்டார். தாடியைச் சொறிந்தார். "ஆல்பமே இந்தச் சத்தத்துலதான் ஆரம்பிக்கணும்" என்றார். நாங்கள் நாலு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து ஆபீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார்.

ஜூன் 22, ஞாயிறு

ரிலீஸ்!

சென்னையில் வேண்டாம், இங்கேதான் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். கும்மிடிப்பூண்டியில் கல்யாண மண்டபம். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து நின்ற கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. லைட்டை அணைத்ததும் முதலில் அந்த "ம்ம்ம்ம்" மட்டும் வந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, "டேய், நம்ம மில்லுடா!" என்று கத்த, அதற்குப் பிறகு விசில்தான். அப்பா மேடைக்குப் பக்கத்தில் வந்து ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தவர், எட்டுப் பாட்டும் முடியும் வரை எடுக்கவில்லை.

இணையத்தில் ஒருத்தர், "கிட்டார் சுருதி ஒரு நூல் தள்ளி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். ராபின் அதை போட்டோ எடுத்து போன் முகப்பில் வைத்துக்கொண்டான்.

ஜூலை 5, சனி

மின்தடை. மில் நின்றுவிட்டது, காக்கா கத்துவது கூடக் கேட்டது. பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மூணாவது பாட்டைப் பாடினேன். எதையும் யோசிக்காமல்தான் பாடினேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தடதடவென்று ஓடும் சத்தம். குப்பம்மா அக்கா மோட்டார் ஸ்விட்சைத் தட்டுகிறாள். திரும்பத் தட்டுகிறாள்.

"கரண்டு வந்துடுச்சில்ல?"

"இன்னும் வரலியேக்கா."

"பின்ன இன்னாத்துக்குடி நேரா பாடற?" என்று திட்டிவிட்டு உள்ளே போனாள்.