மூன்றாம் பக்கத்துப் படம்

பாலமுனை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் உம்மாவும் சுகம். உங்கள் சுகத்துக்கும் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்கிறோம். உங்களோடு அறையில் இருக்கிற முபீன் காக்காவின் மச்சினன் கத்தார் வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் நான் கிண்டிய இனிப்புத் தொதலில் கொஞ்சத்தையும் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் இந்தக் கதையை எடுத்தால் "ஓம் ஓம், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் முடியும் மட்டும் வாசிக்கத்தானே வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. அப்ராவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தவில்லை. இனி நிறுத்தவும் மாட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

போன தவணையில் அதிபர் சொன்னது உங்களுக்கும் தெரியும். சக்கரக் கதிரை நுழைகிற மலசலகூடம் இங்கே இல்லை, பிள்ளையும் வளர்ந்துவிட்டாள், இனி வீட்டில் வைத்துப் படிப்பிப்பது நல்லது என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் வழி தெரியவில்லை. அந்தக் காய்ச்சலில் அவள் கால்கள் வழங்காமல் போனதிலிருந்து இடைவேளைக்கு நான்தானே போய்த் தூக்குகிறேன். நான் போக முடியாத நாட்களில் அவள் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லையாம். எனக்கு அது நெடுநாளாகத் தெரியாது. தெரிந்த அன்று குசினிக்குள் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

சண்டைக்குப் பலன் கிடைத்தது. பழைய மாணவர்கள் செலவைப் பொறுப்பேற்றார்கள். கட்டட வேலை எடுக்கிற கொந்தராத்துக்காரர்களிடம் முன்மொழிவு கேட்டு ஓர் ஆவணம் போட வேண்டும் என்றார்கள். சங்கத்துச் செயலாளர் நான் என்பதால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. "சாய்வுப் பாதையும் அகலமான கதவும் கொண்ட மலசலகூடம்" என்று வடிவாகத்தான் எழுதினேன். வந்தவற்றைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒருவர் வரைந்த சாய்வில் கதிரையை விட்டால் நேரே கடலில் போய்த்தான் நிற்கும். இன்னொருவர் பாதையை அழகாக வரைந்து அதன் முடிவில் ஒரு படிக்கட்டு வைத்திருந்தார். மற்றவரின் கதவு அகலம்தான், ஆனால் உள்பக்கம் திறக்கிறது, திறந்தால் கதிரைக்கு இடமில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன? நான் எழுதியதை வாசித்தால் எனக்கே ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

படம் போட்டுத் திரும்பக் கேட்போம் என்றேன். தலைவர் மீராமுகைதீன் ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. இது என்ன கலியாணக் கார்டா, படம் போட என்று கேட்டார். கொம்பியூட்டர் படிப்பிக்கிற நிப்றாஸ் சேர்தான் என் பக்கம் நின்றார். அவரும் படங்களை உள்ளே போடப் போட எழுத்தெல்லாம் கீழே கீழே தள்ளுப்பட்டு, கடைசியில் பழைய மலசலகூடத்தின் படத்துக்கு நேர் கீழே ஹாஜியாரின் கையொப்பமும் பெயரும் வந்து நின்றன. அச்செடுத்த பிறகுதான் கண்டோம். ஹாஜியார் பேசிய பேச்சை எழுத மாட்டேன். எல்லாவற்றையும் திரும்பச் சரிப்படுத்தி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே இது என்ன, எங்களுக்கு எது வேண்டும் என்று இரண்டு வரி எழுதினேன்.

இனித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய விசயம். கதவைப் படம் எடுக்கும்போது கதிரையை மட்டும் வெறுமனே வைத்து எடுத்தேன். நீங்கள் லீவில் வந்து அந்தக் கதிரையை வாங்கித் தந்த அன்று, வெளி ஆட்களுக்குப் பிள்ளையைக் கதிரையோடு படம் எடுத்து அனுப்பாதே என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அப்ரா படத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து, சில்லை உருட்டிக் காட்டினாள். கதிரை கதவுக்குள் போகிறது மச்சான். அவள் கைதான் போகவில்லை. சில்லைப் பிடித்த விரல் மொளிகள் இரண்டு பக்கமும் கதவு நிலையில் உரசுகின்றன. அவள் விரல்களில் தோல் போயிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைத்தான் எடுத்தோம். அவள் முகமும் தெரிகிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு. நான் தயங்குவதைக் கண்ட நிப்றாஸ் சேர், கழுத்துக்கு மேலே வெட்டிவிடலாம் என்றார். உங்கள் மகள் கேட்டாள்: "தலையில்லாத புள்ளைக்குக் கக்கூசு என்னத்துக்கு சேர்?"

முழுப் படமும் மூன்றாம் பக்கத்தில் போனது. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. கோபம் என்றால் என்னோடு கோபியுங்கள், அவளோடு வேண்டாம்.

காரைதீவிலிருந்து டிலக்சன் என்று ஒரு கொந்தராத்துக்காரர் அந்தப் பக்கத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதிபரையோ ஹாஜியாரையோ தேடவில்லை, படத்தில் இருக்கிற பிள்ளை எங்கே என்று கேட்டார். கதவு எந்தப் பக்கம் போனால் உங்களுக்கு இலேசு தங்கச்சி என்று அவளிடமே கேட்டு எழுதினார். அவருடைய முன்மொழிவைத்தான் எல்லாரும் ஒரே மனதாகத் தெரிவு செய்தோம். பக்கவாட்டில் தள்ளுகிற கதவு, கைக்கு எட்டுகிற தண்ணீர்க் குழாய், படி இல்லாத பாதை. வேலை முடிந்து போன கிழமை திறந்தார்கள். அன்றைக்கு இடைவேளைக்கு நான் பழக்கத்தில் ஓடிப்போனால், உம்மா நீங்க வீட்ட போங்க என்று வாசலிலேயே என்னைத் திருப்பிவிட்டாள். திரும்பி வருகிற வழி முழுக்க எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் முதுகுக்கும் இனி நிம்மதி.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று முபீன் காக்காவின் மனைவி ஹப்ஸா வந்திருந்தா. அந்த ஆவணம் வாட்சப்பில் சுற்றிச் சுற்றி உங்கள் அறைக்கும் வந்திருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இது நம்ம றாஸிக்கிட மகளெல்லோ என்று அடையாளமும் கண்டிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு குறை வார்த்தை சொல்லவில்லையாம். சங்கத்துக்குத் தாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் கதைத்தார்களாம். உங்களிடம் கேட்காமல் இருப்பது, நீங்களாகச் சொல்லட்டும் என்றுதான்.

மச்சான், மகளோடு வீடியோவில் கதைக்கும்போது நீங்கள் படிக்கட்டுக்கு இறங்கிப் போய் நிற்பீர்கள். போனைக் கிட்டப் பிடி, முகத்தை மட்டும் காட்டு என்பீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை அப்படி இறங்க வேண்டாம். எல்லாரும் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, அறைக்குள் இருந்தே எடுங்கள். நான் போனைத் தூரப் பிடிக்கிறேன். அவள் உருட்டிக்கொண்டு வருவதை நீங்களும் பாருங்கள், அவர்களும் பார்க்கட்டும்.

அல்லாஹ் உங்கள் நெஞ்சின் பாரத்தை இறக்கி வைக்கட்டும்.

உங்கள்
ஸகியா