மூன்று கிலோ இருநூறு கிராம்

பெருமதிப்பிற்குரிய பொம்மை சேகரிப்பாளருக்கு,

நம் மகள் சியோரி பிறந்த அன்றே, அவளுடைய உயரத்துக்கும் எடைக்கும் ஒரு கொகேஷி மரப்பொம்மை வேண்டுமென்று நருகோ ஊர்க் கடைசல்காரரிடம் ஓடியவர் நீங்கள்தான். பொம்மை வீட்டுக்கு வந்தபோது அவள் உயிரோடு இல்லை.

நேற்று அதை உங்கள் பொம்மைச் சங்கத்து நண்பரிடம் மாற்றாகக் கொடுத்துவிட்டு, எண்பது வருடத்துப் பழைய பொம்மையோடு வந்து நிற்கிறீர்கள். கேட்டால், "பன்னெண்டு வருஷமா மூலையிலதானே கெடந்துச்சு? இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? சும்மா கத்தாதே!" என்கிறீர்கள்.

மூலையிலா? நீங்கள் வேலைக்குப் போனதும் தினமும் அது என் மடியில்தான் இருந்தது. தலையைத் திருப்பினால் கீச்சென்று குரல் கொடுக்கும்.

உங்கள் அபூர்வத்தையும் தூக்கிப் பார்த்தேன். கைக்குக் கனமே தெரியவில்லை. அதை வாசலில் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போய், என் பெண்ணைத் திருப்பி வாங்கி வாருங்கள்.

அவளைப் பெற்றவள்