தொடைக்கு எதற்குக் கரண்ட்?

இன்று என் கடையில் இன்சுலேஷன் டேப் தேடி மேஜை டிராயருக்குள் கையை விட்டேன். உன் காலுக்குக் கரண்ட் வைத்த மிஷினின் பேட் ஒன்று கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் பசை. அந்தப் பசையில் உன் தொடையின் நரைமயிர் இரண்டு இன்னும் இருக்கின்றன. கீழே போட மனம் வரவில்லை. நீ போனதிலிருந்து நாலு மாதமாகத் தள்ளிப்போட்டதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். விசைத்தறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைப்பவன். கொண்டுவருகிறவன் சொல்லும் கோளாறை நம்பமாட்டேன்; பிரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. ஆரணியில் பாதித் தறிக்காரர்களுக்கு இதனாலேயே என்மேல் கோபம். நீயோ அரிசி மில் பாய்லருக்கு உமி தள்ளித் தள்ளியே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். வேலூரிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி வருகிற பிசியோதெரபி பெண் உன் தொடையில் கரண்ட் வைக்கப்போகிறேன் என்றால் நான் சும்மா இருப்பேனா?

"மூச்சு நெஞ்சுலதானே வாங்குது, தொடைக்கு எதுக்கும்மா கரண்ட்?" என்று கேட்டேன்.

"மூச்சு வாங்குதுன்னு இவரு நடக்கறதையே விட்டுட்டாருங்க. நடக்காம கால் சதை கரைஞ்சிடுச்சு. சதை இல்லாத காலால நாலு அடி வெச்சாலே இன்னும் மூச்சு வாங்கும். உக்காந்துகினு இருக்கும்போதே சதைக்கு வேலை குடுக்கத்தான் இந்த மிஷின்."

"அப்ப நுரையீரல் சரியாயிடுமா?"

"அது ஆவாதுங்க."

அந்தப் பதில்தான் என் சந்தேகத்தை அதிகமாக்கியது. ஏமாற்ற வருகிறவர்கள் எல்லாம் ஆகும் என்றுதான் சொல்வார்கள். ஆகாது என்று ஒப்புக்கொள்கிறவள் வேறு எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

நீ அவள் பக்கம். உனக்கு இருந்தது ஒரே ஆசை. பின்கட்டுக் கக்கூஸுக்குப் போகக்கூட உன் மகன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. "மூச்சு போற அன்னிக்குப் போவட்டும்டா. அதுவரைக்கும் கக்கூஸுக்கு நானே போயிட்டு வந்தா போதும்" என்பாய். அப்போது மகன் முகத்தைப் பார்க்கமாட்டாய்.

தினமும் அரைமணி நேரம் மகன் பேடுகளை ஒட்டுவான். தொடைச் சதை எழும்பி எழும்பி அடங்கும். பார்க்கவே எனக்குப் பயம். தறிக்கூடத்தில் கரண்ட் அடித்து விழுந்தவர்களை இந்தக் கையால் தூக்கியிருக்கிறேன். அவர்கள் காலும் இப்படித்தான் வெட்டி வெட்டி இழுத்தது. மூன்றாம் வாரம் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக் கதவுவரை நடந்தாய். வெயில் தணிந்ததால் வந்த தெம்பு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

மறுநாள் மத்தியானம் நீ அசந்து தூங்கும்போது மிஷினைப் பிரித்தேன். உள்ளே கரண்டைக் கூட்டிக் குறைக்கச் சின்னதாக ஒரு திருகு. ஒரு சுற்று குறைத்து மூடிவிட்டேன். மேலே பழைய எண்தான் தெரியும், காலுக்கு வருவது மட்டும் குறைவு. உன்னைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் டீ குடிக்கப் போனேன்.

பத்து நாளில் நீ மறுபடி மகன் கைத்தாங்கலுக்கே போய்விட்டாய். அப்போதும் எனக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை, பார். "மிஷின் டுபாக்கூர்னு சொன்னேன்ல?" என்று உன்னிடமே பெருமையடித்தேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

அவள் வந்து ஒட்டிப் பார்த்தாள். சதை எழும்பவில்லை. மிஷினின் நம்பரை ஏற்றிப் பார்த்தாள். "யாராச்சும் இத தொட்டீங்களா?" என்றாள். நான் குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். நீதான் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு சொன்னாய்: "பேட்டரி வீக்காயிருக்கும்மா. இவன் மாத்திக் குடுப்பான்."

அவள் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாய். "நீ தொட்ட மறுநாளே தெரியும்டா. துள்ளிகினு இருந்த காலு, எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு. உன் பயம் தெளியட்டும்னு உட்டேன். போதும், ஜல்தி சரி பண்ணு."

அங்கேயே உட்கார்ந்து திருகைப் பழையபடி வைத்தேன். அடுத்தமுறை அவளிடம் நானே உண்மையைச் சொன்னேன். "இனிமே கேட்டுட்டு தொடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

பயம் தெளியட்டும் என்று விட்டாயாம். அதை நான் நம்பவில்லை. ஆயுசுக்கும் இவனுக்கு உறுத்தட்டும் என்ற குசும்புதான் உனக்கு. எதுவானாலும், பத்து நாளை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு உன்னிடம் நாள் மிச்சம் இருக்கவில்லை. அந்தப் பத்து நாளை நான் எடுத்துக்கொண்டேன். நீ இருந்தபோது மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி நீ போவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு காலையில் வந்தேன். கட்டிலில் நீ இல்லை. சுவரைத் தொடாமல் பின்கட்டில் நடந்துகொண்டிருந்தாய், நாலு அடிக்கு ஒருமுறை நின்று. தள்ளிப் போ என்று மகனுக்குக் கை காட்டினாய். நீ விழத்தான் போகிறாய் என்று நான் பின்னாலேயே வந்தேன். உள்ளே போனாய். கதவை என் முகத்துக்கு நேரே சாத்தினாய். தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளிருந்து உன் குரல், மூச்சிரைக்க: "இன்னாத்துக்குடா நின்னுகினு இருக்க? போ."

உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தாழ்ப்பாள் சத்தம். பிரித்துப் பார்க்கத் தோன்றாமல் நான் நம்பியது இந்த வாழ்நாளில் அது ஒன்றைத்தான்.