மார்சியோவின் முழங்கால்

வெள்ளிக்கிழமை, இரவு

எங்கள் கடலூர் கால்பந்து அணிக்கு ஆட வந்திருக்கும் பிரேசில்காரர் மார்சியோவின் ஸ்கேன் இன்று வந்தது. முழங்கால் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. நாளை சிதம்பரத்தில் இறுதி ஆட்டம். அவரைப் பார்க்கவே கோவாவிலிருந்து பெரிய கிளப்பின் ஆள் வருகிறார். முப்பத்து மூன்று வயதில் இன்னொரு அழைப்பு வராது.

"கட்டுப் போட்டு எறக்கிவுடுங்க மேடம். ஸ்கேனப் பத்தி அவருகிட்ட சொல்லாதீங்க," என்றார் மேனேஜர்.

பிசியோதெரபிஸ்ட் நான், எப்படி மறைப்பது? மார்சியோவிடமே சொல்லிவிட்டேன். ஆடினால் அப்புறம் ஓடவே முடியாமல் போகலாம் என்றேன்.

மார்சியோ முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டினார். அரைகுறை ஆங்கிலத்தில், "நாளைக்கு நீங்களே கட்டிவிடுங்கள்," என்றார்.

"மாட்டேன்."

"அப்படியானால் கட்டு இல்லாமலே ஆடுவேன்."

வாசல்வரை நொண்டாமல் நடந்து போனார். அப்படி நடக்க எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.