மடம் இரண்டானதும் பெரியவர் நம் வீட்டில் இருப்பதும்

காவி கட்டிய பிறகும் எனக்கு அண்ணனாகவே இருந்தவனே,

உன்னைச் 'சாமி' என்று கூப்பிடச் சொல்லி நைனா எத்தனை முறை அதட்டியிருப்பார்! நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போதும் மாட்டேன்.

எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தாகிவிட்டது என்ற சேதி வந்ததுமே உங்கள் மடத்துக்குள் சண்டை வந்துவிட்டது. மடத்தலைவர் அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தார்; தீர்த்து வைக்க ஆளில்லை. திருத்தணி மலையேறி வருகிறவர்களுக்கு நீங்கள் போடும் பந்தியில் சேரிக்காரர்களும் உட்காரலாமா என்பதுதான் பேச்சு. ஆடிக் கிருத்திகையன்று நீ கொட்டகை வாசலில் நின்று, "காவடி தூக்கினு வந்தவங்க எல்லாரும் ஒண்ணா குந்துங்க" என்றாய். ஒரே குருவிடம் காவி வாங்கியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்தார்கள். அடுப்பு சரிந்ததோ, யாராவது கொளுத்தினார்களோ, ஓலைக் கொட்டகை பற்றிக்கொண்டது.

கண் தெரியாத மடத்துப் பெரியவரை நீ தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தாய். மறுபடி ஏன் உள்ளே போனாய்? "உள்ள யாரும் இல்லடா!" என்று அவர் கத்தினாராம். உனக்கு யார் குரல் கேட்டது, அண்ணா?

மடத்து மண்ணில் உனக்கு இடமில்லை என்று எதிர்ப்பக்கம் மறித்தது. பள்ளிப்பட்டில் நம் கொல்லையிலேயே உன்னை உட்கார வைத்துச் சமாதி மூடினோம். பெரியவரும் எங்களோடு வண்டியில் வந்துவிட்டார்.

இப்போது அவருக்காகத்தான் வருகிறார்கள். மிஞ்சியவர்களில் அவர்தான் மூத்தவர். அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கத்துக்குத்தான் பீடம். முதலில் உன்னை மறித்தவர்கள் வந்தார்கள், விரட்டிவிட்டேன். நேற்று உன் பக்கத்துச் சாமியார்களே வந்து நின்றார்கள். "அண்ணன் எதுக்காகப் போனாரோ அது நடக்கணும்னா பெரியவர அனுப்புங்கம்மா" என்றார் ஒருவர்.

பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். "பந்தி போடுங்க, வந்து துன்றேன். பீடம் எனக்கு வாணாம்பா."

அவர்கள் முகம் சிவக்கத் திரும்பிப் போனார்கள். "நாளைக்குத் தடியோட வருவாங்க. நமக்கு எதுக்குடி இது?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். நான் பெரியவரை அனுப்பியிருக்க வேண்டுமோ? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இன்று மதியம் பொறுக்க முடியாமல் களத்தில் இலை போட்டேன். பெரியவரை நடுவில் உட்கார வைத்தேன். களையெடுக்க வந்த சேரிப் பெண்கள் தள்ளியே நின்றார்கள்.

"நாங்களுமா குந்தறது, அம்மா?"

"ஆங், குந்துங்க."

உட்கார்ந்தார்கள். நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரரும் வந்து ஓரத்து இலையில் சாப்பிட்டார். என்னோடு மட்டும் இன்னும் பேசவில்லை.

தடியோடு வந்தாலும் வரட்டும். பெரியவர் தன் வாயால் சொல்லாமல் அவரை யாரும் இந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக விடமாட்டேன். வருகிற கிருத்திகைக்கும் இதே களத்தில் இலை விழும். இது உன்மேல் சத்தியம்.

உன் கையைப் பிடித்து நடக்கப் பழகிய
தங்கச்சி